பள்ளிப் பாடத்தில் ஜாலியன் வாலாபாக்: நாளும் பெயரும் எண்ணும்

ஒரு நாட்டு மக்கள் தமக்கு நேர்ந்த பெருந்துயரை வழிவழி வருவார்க்கு அறிவிக்கும் முறைகள் பல. பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்தானுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் சிறப்பையும் அக்கல்லில் எழுதினர். பாணரும் புலவரும் கையறுநிலை பாடினர். நாட்டுப்புற மகளிர் தம் வீட்டுச் சாவுக்கு அழுத ஒப்பாரியில் ஊர்த்துயரையும் சேர்த்து அழுதனர். அச்சு நூலும் பொதுக்கல்வியும் பரவிய பின்னர் இப்பணியின் பெரும்பகுதி பள்ளிப்பாடத்தின்பாற் சென்றது. நூறாண்டுக்கு முன் நிகழ்ந்த ஒரு பொதுத்துயரை நம்மிற் பெரும்பாலோர் முதன்முதல் அறிந்தது வகுப்பறையிலேயாம். ஆதலின் அப்பாடம் எதனைச் சொல்லிற்று, எதனைச் சொல்லாது விட்டது, சொன்னதனைப் பிள்ளைகள் எங்ஙனம் ஏற்றனர் என்பனவும் வரலாற்றாராய்ச்சிக்கு உரிய பொருள்களே.

கி.பி. 1919-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள் பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரில் நிகழ்ந்த ஜாலியன் வாலாபாக் படுகொலையை இக்கட்டுரைக்குப் பொருளாகக் கொண்டோம். 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒரு சிற்றூர் உயர்நிலைப்பள்ளியில் யாம் அப்பாடத்தைக் கேட்டோம். கேட்டவற்றுள் எம் நினைவில் நிலைத்தவை மூன்று: ஒரு நாள், ஒருவன் பெயர், ஓர் எண். எம்மிடம் பயிலும் முதுகலை மாணவர் பலர் வேறு வேறு மாவட்டங்களினின்று வந்தவர். அவரை வினவியபோதும் இம்மூன்றையே கூறினர். தேர்வில் ‘சிறுகுறிப்பு வரைக’ என்னும் வினாவுக்கு இம்மூன்றும் போதியனவாதலின், பாடமும் இம்மூன்றாகவே சுருங்கிற்று. இம்மூன்றும் பொய்யல்ல. ஆயின் மூன்றும் மூடிய பெட்டிகள் போல்வன. ஒவ்வொன்றையும் திறந்து நோக்கினால் அந்நிகழ்ச்சியின் காரணமும் விளைவும் அதனுள்ளேயே இருத்தல் புலனாகும். அவற்றைத் திறந்து காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இடப்பெயரும் சொல்லும்

மூன்றனுள் புகுமுன் இடப்பெயர் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் ‘ஜாலியன் வாலாபாக்’ என எழுதியபொழுது வகுப்பில் சிரிப்பெழுந்தது. ‘ஜாலி’ என்னும் சொல் பேச்சுத்தமிழில் களிப்பைக் குறித்து வழங்குவது. அதனையே பிள்ளைகள் அப்பெயரிற் கேட்டனர். அடுத்து ‘ஜெனரல் டயர்’ என்றதும் சிரிப்பு மிகுந்தது. டயர் என்பது அவர்கள் அறிந்த அளவில் வண்டிச் சக்கரத்தின் உறை. ஊர்த்தெருவில் கோலால் தட்டி ஓட்டி விளையாடும் பொருள். ஆசிரியர் சினந்திலர். கரும்பலகையில் ஒரு கட்டம் வரைந்தார். அதனைச் சுற்றி வீடுகளை வரைந்தார். ஓரிடத்தில் மட்டும் சிறிது இடைவெளி விட்டார். பின்னர்க் கட்டத்தினுள் சுண்ணக்கட்டியாற் புள்ளிகள் இடத் தொடங்கினார். நெடுநேரம் இட்டுக்கொண்டேயிருந்தார். ‘இவை என்ன ஐயா?’ என்று ஒரு மாணவன் கேட்டபோது, ‘ஆட்கள்’ என்றார். அதன்பின் எவரும் சிரித்திலர்.

ஒரு மொழியார் பிறமொழிப் பெயரைத் தம் மொழியின் ஓசையால் அளந்து பொருள் கொள்ளுதல் இயல்பு. ஆதலின் இத்தகைய பாடத்தில் பெயர் விளக்கமே முதற்படியாதல் வேண்டும். ‘ஜல்லா’ என்பது பஞ்சாபில் உள்ள ஓர் ஊர். அவ்வூரினின்று வந்த சர்தார் ஹிம்மத் சிங் என்பாரின் வழியினர்க்கு உரிமையாயிருந்தமையின் அவ்விடம் ஜல்லா ஊரார் தோட்டம் எனப் பெயர் பெற்றது. ‘வாலா’ என்பது உரிமையும் ஊர்ச்சார்பும் உணர்த்தும் ஈறு. ‘பாக்’ என்பது தோட்டத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஊரால் ஆளும், ஆளால் தோட்டமும் பெயர் பெறுதல் நம் நாட்டிலும் உளதன்றோ? இவ்வளவு கூறியிருப்பின் அப்பெயர் நகைப்புக்கு இடமாகாது. பிள்ளைகளுக்கு அண்மையதும் ஆகியிருக்கும்.

பெயர் தோட்டமாயினும் 1919-இல் அஃது உண்மையில் தோட்டம் அன்று. ஆறேழு ஏக்கர் அளவினதாய், சுற்றிலும் வீடுகளின் பின்சுவர்கள் சூழ, ஒரு சமாதியும் ஒரு கிணறும் சில மரங்களும் உடையதாய்க் கிடந்த வெற்றுநிலம் அது. தமிழிற் ‘பூங்கா’ என மொழிபெயர்த்துக் கேட்டமையால், மலர்ச்செடியும் ஊஞ்சலும் உள்ள இடமாகவே யாம் அதனை நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஒரு சொல் தரும் காட்சி பிழைபடின், எளிதில் வெளியேற இயலாத இடம் அது என்னும் இன்றியமையாச் செய்தி மறைந்துபோகின்றது.

நிகழ்ச்சியைக் குறிக்கும் சொல்லும் கருதற்பாலது. ஆங்கில அரசு அமைத்த ஆராய்வுக்குழுவின் பெயரிலேயே ‘குழப்பங்கள்’ என்னும் சொல் இடம்பெற்றது. தமிழ்ப்பாடமோ ‘படுகொலை’ என்றது. ‘படு’ என்னும் அடை, படுதோல்வி, படுகிழவன் என்புழிப்போல மிகுதிப்பொருள் தருவது. முன்னைய சொல் பிழையை மக்கள்மேல் ஏற்றுவது. பின்னையது செய்தான்மேல் ஏற்றுவது. இச்சொல்லைத் தேர்ந்தமையில் நம் பாடநூலார் செய்தது சரியே. ஆயினும் ஏன் அச்சொல் பொருந்தும் என்பது நாளையும் பெயரையும் எண்ணையும் ஆராய்ந்தாலன்றித் தெளிவாகாது.

நாள்

ஏப்பிரல் 13 வைசாகித் திருநாள். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வருவது. திருவிழாவுக்கும் கால்நடைச் சந்தைக்கும் வந்த வெளியூரார் பலரும் அன்று அத்திடலில் இருந்தனர். கூட்டம் கூடுதலைத் தடுத்து அன்று காலை நகரிற் சில இடங்களில் மட்டுமே பறையறைந்தமையின், அத்தடை பலர்க்குத் தெரியாது. மாலை ஐந்து மணிக்குப் பின்னர், படைத்தலைவர் டயர் துப்பாக்கி ஏந்திய ஐம்பதின்மரோடு புகுந்து, கலைந்து செல்லுமாறு எச்சரிக்காமலே சுடப் பணித்தார். ஏறத்தாழப் பத்து நிமிடம் சூடு நிகழ்ந்தது. பாடம் கூறியது இதுவே. இவ்வாறு கூறுங்கால், அந்நாள் வானத்தினின்று வீழ்ந்த இடிபோலக் காரணமின்றி வந்ததாகப் பிள்ளைகட்குத் தோன்றும்.

காரணத்தைத் தேடின் அது சென்னைக்கும் வந்து சேரும். முதல் உலகப்போர்க் காலத்து அடக்குமுறைகளைப் போருக்குப் பின்னும் நீட்டிக்க ரௌலட் என்னும் நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அறிவுரை கூறிற்று. அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த சி. வி. குமாரசுவாமி சாஸ்திரி. 1919 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. வழக்காராயாமலே ஒருவனைச் சிறைவைக்க அச்சட்டம் இடந்தந்தது. வாதமில்லை, வக்கீல் இல்லை, மேல்முறையீடு இல்லை என்பதே அதனைப்பற்றிப் பஞ்சாப் மக்கள் வழங்கிய சொல்லாயிற்று. அத்திங்களிற் சென்னைக்கு வந்த காந்தியடிகள் இராசகோபாலாச்சாரியார் இல்லத்தில் தங்கினார். நாடு முழுதும் ஒருநாள் தொழில் நிறுத்தி நோன்பிருக்கலாம் என்னும் எண்ணம் அவர்க்கு அவ்வீட்டில், ஓரிரவு துயிலுக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட நிலையில் தோன்றியது. பாரதியார் காந்தியடிகளைக் கண்டு சென்றதாக வ. ரா. எழுதிய நிகழ்ச்சியும் அவ்வீட்டில் நிகழ்ந்ததே. தமிழ்நாட்டு வகுப்பறைக்கு மிகத் தொலைவினதாகத் தோன்றும் இந்நிகழ்ச்சியின் தொடக்கங்களுள் ஒன்று சென்னையில் ஒரு வீட்டில் உளது. அதனை எமக்கு எவரும் கூறிலர்.

அந்நோன்பு சில இடங்களில் மார்ச்சு 30-ஆம் நாளும், பிற இடங்களில் ஏப்பிரல் 6-ஆம் நாளும் நிகழ்ந்தது. ஏப்பிரல் 9-ஆம் நாள் அமிர்தசரஸில் இராமநவமி ஊர்வலத்தில் இந்துக்களும் முசுலிம்களும் கலந்து சென்றனர். ஆட்சியாளர் அவ்வொற்றுமையை அச்சத்தோடு நோக்கினர். மறுநாள் சத்தியபால், சைபுத்தீன் கிச்லூ என்னும் தலைவர் இருவரையும் பிடித்துத் தருமசாலைக்கு அனுப்பினர். அவர்களை விடுவிக்குமாறு வேண்டச் சென்ற கூட்டம் சுடப்பட்டது, சிலர் மாண்டனர். சினந்த கூட்டத்தினர் வங்கிகளைத் தாக்கினர். ஐரோப்பியர் ஐவர் கொல்லப்பட்டனர். சமயப்பணியும் கல்விப்பணியும் புரிந்த மார்செல்லா ஷெர்வுட் என்னும் ஆங்கில அம்மையார் தெருவில் அடியுண்டார். அவரை எடுத்துக் காத்தவர் அந்நகரத்து இந்தியரே. இக்கொலைகளை நம் பாடங்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. கூறினால் டயரின் செயலுக்கு நியாயம் கற்பித்ததாகும் என்னும் அச்சம் அதற்குக் காரணமாகலாம். ஆயின் மறைத்தலாற் பயன் இல்லை. 10-ஆம் நாள் சிலர் செய்த குற்றத்துக்கு 13-ஆம் நாள் வேறு பலரைக் கொன்றமையே அச்செயலின் கொடுமை. முன்னதைக் கூறினாலன்றிப் பின்னதன் கொடுமை முற்றும் விளங்காது.

13-ஆம் நாளோடு துயர் முடிந்ததும் இல்லை. 14-ஆம் நாள் குஜ்ரன்வாலாவில் வானூர்தியினின்று குண்டுகள் வீசப்பட்டன. 15-ஆம் நாள் இலாகூரிலும் அமிர்தசரஸிலும் படையாட்சிச் சட்டம் வந்தது. ஷெர்வுட் அம்மையார் அடியுண்ட சந்தினைக் கடக்கும் இந்தியர் வயிற்றால் ஊர்ந்து செல்லல் வேண்டும் எனும் ஆணை சில நாள் நடைமுறையிலிருந்தது. அச்சந்தில் குடியிருந்தாரும் தம் வீட்டுக்கு ஊர்ந்தே செல்ல நேர்ந்தது. இலாகூரிற் கல்லூரி மாணவர் கோடை வெயிலில் நெடுந்தொலைவு நடந்து நாள்தோறும் பன்முறை வருகைப்பதிவுக்கு நிற்குமாறு பணிக்கப்பட்டனர். காசூரில் பள்ளி மாணவருள் உடல் வளர்ச்சி மிக்க அறுவரைத் தேர்ந்து கசையால் அடித்தனர். பள்ளியிற் கற்பிக்கும் இப்பாடத்தில் பள்ளி மாணவர் பட்ட பாடு இடம்பெறாமை வியப்பிற்குரியது. எம் வகுப்பில் அமர்ந்திருந்தோர்க்கு அவ்வறுவரைக் காட்டிலும் அணுக்கமானோர் அவ்வரலாற்றில் வேறெவரும் இலர்.

நாள் பற்றி இன்னும் ஒன்று. நாடு முழுதும் அன்றே இச்செய்தியை அறிந்து கொதித்தது என யாம் எண்ணினோம். செய்தித் தடை வலிதாயிருந்தமையின் செய்தி பஞ்சாபை விட்டு மெல்ல மெல்லவே வெளிவந்தது. இரவீந்திரநாத் தாகூர் தம் ‘சர்’ பட்டத்தைத் துறந்து கடிதம் எழுதியது மே 31-ஆம் நாள். அரசப் பிரதிநிதியின் செயற்குழுவில் உறுப்பினராயிருந்த சி. சங்கரன் நாயர், பஞ்சாபிற் படையாட்சி நடந்தவாற்றைக் கண்டித்துப் பதவி துறந்தது சூலைத் திங்களில். ஒரு துயரம் நாட்டுத்துயரம் ஆவதற்குக் காலமும் துணிவும் வேண்டியிருந்தன என்பதனை ‘ஏப்பிரல் 13’ என்னும் விடை மறைத்துவிடுகின்றது.

பெயர்

இரண்டாவது பெயர். பாடத்தில் ஒரே பகைவனே இருந்தான், அவன் டயர். அவனை உதம் சிங் இலண்டனிற் சுட்டுக்கொன்று பழிதீர்த்தான் என்று எம் வகுப்பில் பலரும் எழுதினர். இன்றும் மாணவர் பலர் அங்ஙனமே கூறுகின்றனர். உண்மை வேறு. சுடப் பணித்தவர் ரெஜினால்டு டயர்; அவர் 1927-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள் நோயால் இறந்தார். உதம் சிங்கினால் 1940-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள் இலண்டன் காக்ஸ்டன் மண்டபத்திற் சுடப்பட்டவர் மைக்கேல் ஓட்வயர். 1919-இல் பஞ்சாபின் துணைநிலை ஆளுநராயிருந்து டயரின் செயலை ஏற்று ஒப்பியவர். உதம் சிங் அவ்வாண்டு சூலை 31-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். டயர், ஓட்வயர் என்னும் பெயர்களின் ஓசையொப்புமை இம்மயக்கத்துக்கு ஒரு காரணம். அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. கொடியவன் ஒருவன், பழிதீர்த்தவன் ஒருவன் என்னும் அமைப்புக் கதைக்கு ஏற்றது; கேட்பவர் மனத்தை நிறைவித்து அனுப்புவது. அவ்வமைப்பிற்காக மாணவர் நினைவு இருவரை ஒருவராக்கிக்கொண்டது.

இம்மயக்கம் சிறு பிழைபோலத் தோன்றும். ஆயின் விளைவு பெரிது. டயர் ஒருவர்மேல் எல்லாம் ஏற்றப்படின் ஏனையோர் விடுபடுகின்றனர். ஹண்டர் பெருமகன் தலைமையில் அமைந்த ஆராய்வுக்குழுவின்முன் 1919 நவம்பரிற் சான்றளித்த டயர், கவச வண்டிகள் உள்ளே புகுமளவு வழி அகன்றிருப்பின் இயந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருக்கக் கூடும் என்றார். காயமுற்றார்க்கு உதவுதல் தம் கடமை அன்று என்றும், மருத்துவமனைகள் திறந்தே இருந்தன என்றும் கூறினார். கூட்டத்தைக் கலைத்தல் மட்டும் தம் நோக்கமன்று. பஞ்சாப் முழுவதும் அஞ்சுமாறு செய்தலும் நோக்கம் என்பதனையும் அவர் மறைத்திலர். மேலோர் ஒப்புதல் கிட்டும் என்னும் உறுதியின்றி ஒருவர் இவ்வாறு பேசுதல் அரிது.

அவ்வுறுதி வீணாகவும் இல்லை. அக்குழுவின் ஆங்கில உறுப்பினர் ஐவரும், சிமன்லால் சேதல்வாட், ஜகத் நாராயண், சாகிப்சாதா சுல்தான் அகமது கான் என்னும் இந்திய உறுப்பினர் மூவரும் டயரின் செயலைக் குறைகூறுவதில் உடன்பட்டனர். படையாட்சி வேண்டியதுதானா என்னும் வினாவில் வேறுபட்டு இருவேறு அறிக்கை தந்தனர். டயர் பதவி நீக்கப்பட்டார். வேறு தண்டம் பெற்றிலர். 1920 சூலையில் பொதுமக்கள் மன்றத்தில் சர்ச்சில் அச்செயலை வன்மையாகக் கண்டித்தார்; ஆயினும் அஃது ஆங்கில ஆட்சிமுறைக்கு அயலான தனிநிகழ்ச்சி என்பதே அவர் வாதம். அதே திங்களில் பெருமக்கள் மன்றம் டயர்க்குச் சார்பாக 129-க்கு 86 என்னும் வாக்குகளால் தீர்மானித்தது. ‘மார்னிங் போஸ்ட்’ இதழ் அவர்பொருட்டுத் திரட்டிய நிதி 26,000 பவுனுக்கு மேற்பட்டது. படையாட்சிக் காலத்தில் ஆட்சியாளர் செய்தவற்றுக்கு வழக்கெழாதவாறு காக்கும் சட்டம் ஒன்று 1919 செப்டம்பரிலேயே இந்தியாவில் நிறைவேறிற்று.

இத்தொடர்பிற் சங்கரன் நாயர் வரலாறு தென்னாட்டு மாணவர் அறியற்பாலது. சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராயும் நீதிபதியாயும் இருந்த அவர், 1922-இல் எழுதிய நூலொன்றில் பஞ்சாபின் கொடுமைகளுக்கு ஓட்வயரைப் பொறுப்பாக்கினார். அந்நூல் காந்தியடிகளின் ஒத்துழையாமையைக் கண்டித்து எழுந்தது என்பதும் நோக்கத்தக்கது. காந்தியடிகளோடு உடன்படாதார்க்கும் இக்கொடுமை கொடுமையாகவே பட்டது. ஓட்வயர் இலண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1924-இல் ஐந்து வாரம் நடந்த அவ்வழக்கில் நடுவர் பன்னிருவருள் பதினொருவர் நாயர்க்கு மாறாகத் தீர்ப்புரைத்தனர். டயர் செய்தது சரியே என்னும் கருத்தை நீதிபதி மக்கார்டி மன்றத்திலேயே வெளியிட்டார். நாயர் 500 பவுன் இழப்பீடும் வழக்குச் செலவும் செலுத்த நேர்ந்தது. ஒருவன் பெயரை மட்டும் கற்ற மாணவன் இத்தீர்ப்பை விளங்கிக்கொள்ள மாட்டான். ஒரு செயல், அதனை ஒப்பிய ஆளுநர், காத்த சட்டம், புகழ்ந்த மன்றம், நிதி தந்த மக்கள் என இவ்வரிசை முழுதும் தெரிந்தாலே அடிமை ஆட்சி என்பதன் பொருள் அவனுக்குப் புலப்படும்.

எண்

மூன்றாவது எண். ‘இறந்தோர் 379’ என எழுதினோம். சில நூல்கள் ஆயிரம் என்றன. எது சரி என்று கேட்டதற்கு, அரசுக் கணக்கு முன்னையது, காங்கிரசுக் கணக்குப் பின்னையது என்றார் ஆசிரியர். அப்பொழுது எம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, ‘அவர்களுள் பிள்ளைகளும் உண்டா ஐயா?’ என்று வினவினாள். ஆசிரியர் சிறிது நின்று, ‘இருந்திருப்பர், நூலில் இல்லை’ என்றார். நேர்மையான விடை அது. பாடநூலில் உண்மையில் இல்லை.

ஆயின் ஆவணங்களில் உண்டு. அரசு ஏற்ற 379 என்னும் எண், ஆடவர் 337, சிறுவர் 41, பிறந்து ஆறு வாரமே ஆன மகவு ஒன்று என விரியும். மாணவியின் வினாவுக்கு விடை அவ்வெண்ணினுள்ளேயே இருந்தது. எண்ணை விரிக்காமையால் அவ்விடை அவளுக்குக் கிட்டாது போயிற்று. காயமுற்றோர் இறந்தோரினும் மும்மடங்கினர் ஆகலாம் என ஹண்டர் குழு கருதிற்று.

எண்ணப்பட்ட முறையும் வரலாற்றின் ஒரு கூறேயாம். சுடப்பட்ட குண்டுகள் 1,650 என்பது படையினர் கணக்கால் உடனே தெரிந்தது. இறந்தோரைக் கணக்கிட அரசு பல திங்கள்வரை முற்பட்டிலது. சேவாசமிதி என்னும் தொண்டர் அமைப்பினர் வீடுவீடாகச் சென்று தொகுத்த பட்டியலே பின்னர் 379 என்னும் எண்ணுக்கு அடிப்படையாயிற்று. திடலுக்குச் சென்றிருந்தமை தெரியின் தண்டனை வருமோ என்னும் அச்சத்தால் பெயர்தர அஞ்சினாரும் இருப்பர்; வெளியூரினின்று வந்து மாண்டாரைத் தேடி வருவாரும் எளிதில் வந்திரார். ஆதலின் 379 என்பது இறந்தோர் தொகையன்று. பெயர் தெரியவந்தோர் தொகை என்று கொள்ளுதலே ஆராய்ச்சி நெறிக்குப் பொருந்தும். இவ்விளக்கத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்ளாது என்று கூறுதற்கில்லை. இரண்டு எண்களுள் எது சரி என்று கேட்கத் தெரிந்த பிள்ளை இதனையும் விளங்கிக்கொள்ளும்.

எண் மறைப்பது இன்னொன்றும் உண்டு, அஃது அன்றிரவு. எட்டு மணிக்குமேல் எவரும் வெளியில் நடமாடலாகாது என்னும் ஆணை இருந்தமையின், காயமுற்றோர் பலர் இரவு முழுதும் திடலிலேயே கிடந்தனர். திடலுக்கு அருகிற் குடியிருந்த ரத்தன் தேவி என்னும் அம்மையார் காங்கிரசு அமைத்த ஆராய்வுக்குழுவுக்கு அளித்த சான்று இதனை நன்கு காட்டும். சுடும் ஓசை கேட்டு ஓடிவந்த அவர் பிணங்களிடையே தம் கணவர் உடலைக் கண்டார். அதனை எடுத்துச் செல்லக் கட்டிலும் துணையும் வேண்டினார்; ஊரடங்காணைக்கு அஞ்சி ஒருவரும் வந்திலர். நாய்கள் அணுகாதவாறு ஒரு மூங்கிற் கழியைக் கையிற்கொண்டு விடியுமளவும் தனித்திருந்தார். பன்னிரண்டு வயதளவினனான ஒரு சிறுவன், வலியால் துடித்தவன், தன்னை விட்டு நீங்கற்க என அவரை வேண்டினான், தண்ணீர் கேட்டான், அங்கே தண்ணீர் கொடுக்க வழியில்லை.

தமிழ் பயின்றார்க்கு இச்சான்று அயலதாகத் தோன்றாது. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காத்தலைத் தொடாக்காஞ்சி என்றும், சுரத்திடைக் கணவனை இழந்து தனித்தவள் புலம்புதலை முதுபாலை என்றும் தொல்காப்பியனார் காஞ்சித்திணையில் வைத்தார். ரத்தன் தேவியின் இரவு இவ்விரு துறைகளையும் நினைவூட்டுகின்றது. எனினும் வேறுபாடு ஒன்றை மறத்தலாகாது. தொடாக்காஞ்சியின் புண் போர்க்களத்துப் புண். அங்கே இருபாலும் படைக்கலம் உண்டு. வீழ்ந்தானுக்குப் புகழும் உண்டு. அமிர்தசரஸில் ஒருபால் மட்டுமே படைக்கலம் இருந்தது. அதனாலேயே அதனைப் போர் எனவோ கலகம் எனவோ கூறாது படுகொலை என்கின்றோம். முன்னர்க் கூறிய சொல்லாராய்ச்சிக்கு முடிவு இவ்விடத்திற் கிடைக்கின்றது.

கற்பிப்பார்க்கு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? நாள், பெயர், எண் என்னும் மூன்றும் நினைவுக்கு வேண்டுவனவே. பாடம் நீளின் பிள்ளைகள் தாங்கார் என்பதும் உண்மை. ஆயின் மூன்றனுள் ஒன்றையேனும் முற்றத் திறந்து காட்டுதல் எந்த ஆசிரியர்க்கும் இயலும். நாளைத் திறப்பவர், விசாரணையின்றிச் சிறைவைக்கும் ஒரு சட்டம் சில வாரங்களுள் மக்களை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதனைக் காட்டலாம். பெயரைத் திறப்பவர், ஒருவன் கொடுமையைப் பலர் எவ்வாறு ஏற்றுப் போற்றினர் என்பதனைக் காட்டலாம். எண்ணைத் திறப்பவர், இறந்தாரை எண்ணுதலே ஓர் ஆட்சியின் கடமை என்பதனையும், அக்கடமை தவறியபோது குடிமக்களே அதனைச் செய்தனர் என்பதனையும் காட்டலாம். இம்மூன்றும் பழங்கதைக்கு மட்டும் உரியன அல்ல. எக்காலத்தும் எவ்வாட்சியிலும் குடிமக்கள் கேட்கவேண்டிய வினாக்களே இவை. திறவாது விடின், கொடியவன் மாண்டான், பழி தீர்ந்தது என்னும் அமைதியோடு பிள்ளை நூலை மூடிவிடும்.

அமிர்தசரஸின் அத்திடலில் 1961-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்தார். சுவர்களிற் குண்டுத் தழும்புகள் இன்றும் காணப்படுகின்றன. நூற்றாண்டு நிறைவின்போது, 2019-இல், பிரித்தானியத் தலைமை அமைச்சர் தெரசா மே தம் மன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். முறையான மன்னிப்புக் கேட்டிலர். படையினர் புகுந்த குறுகிய வழி 2021-ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில் சிற்பங்களால் அழகு செய்யப்பட்டபோது, அவ்வழியின் பழைய தோற்றமே வரலாற்றுச் சான்று என வரலாற்றறிஞர் பலர் குறைகூறினர். இடம் மாறலாம், கல் மாறலாம். பாடம் அவற்றினும் எளிதில் மாறும்; பாடத்திட்டம் மாறுந்தொறும் சுருங்கும். ஆதலின் பல்வேறு காலங்களிற் பயின்ற தமிழ்நாட்டு மாணவர் இத்தகைய பாடங்களை எவ்வாறு கேட்டனர், எதனை நினைவிற் கொண்டனர், எவ்வினாவுக்கு விடை பெறாது நின்றனர் என்பனவற்றை அவர்தம் வாய்மொழியாகவே தொகுத்தல் வேண்டும். தாது ஆண்டுப் பஞ்சம் போன்ற, பாடத்தில் மிகச் சிறிதே இடம்பெற்று வாய்மொழியில் மிகுதியும் வாழும் துயரங்களையும் உடன்வைத்து நோக்கின், பள்ளி எதனை நினைவுக்குரியதாகத் தேர்கின்றது என்பது மேலும் விளங்கும். முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்வாராக.